கம்ப்யூட்டர் முன்னால் இன்னொரு நாற்காலி போடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இண்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. மெயில் அனுப்பப் பழகி விட்டீர்கள். கரண்ட் பில் கட்டவும், ரயில் டிக்கெட் எடுக்கவும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அடுத்து என்ன? நம் வாசகர்களில் பலர் அடுத்ததாகக் கை வைப்பது வெளிநாட்டுப் பயணத்தில்தான். பிள்ளைகள் வேலைக்குப் போய் விட்டார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. கணவனும் மனைவியுமாக ஒரு முறை ஐரோப்பா பார்த்து விட்டு வருவோமே என்று ஆசை. ஏஜெண்ட் எதற்கு, எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள்.

தாராளமாக உட்காரட்டும். ஆனால் உட்காருகிறவர் ஒருவர் மட்டும் என்றால், அந்தப் பயணம் பாதி கெட்டு விட்டது என்பேன். இது கொஞ்சம் கடுமையான பேச்சாகத் தோன்றலாம். எங்கள் குடியிருப்பில் நடந்ததைக் கேட்டு விட்டுச் சொல்லுங்கள்.

ஏழு ஊர், பதினொரு இரவு

மேல் மாடியில் ஒரு தம்பதி. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 66. மனைவி அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். சார் ஆறு மாதத்துக்கு முன்னால் லேப்டாப் வாங்கினார். கணக்கு எழுதிப் பழகிய கை. எக்செல் ஒரே வாரத்தில் வசப்பட்டு விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மே மாசம் நாங்க போர்ச்சுகல் போறோம். பிளான் ரெடி. பணம் கட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றார்.

திரையைப் பார்த்தேன். வரிசைக்கு வரிசை வண்ணம் அடித்த ஒர்க்‌ஷீட். லிஸ்பன் 2 இரவு, சின்ட்ரா 1, எவோரா 1, லாகோஸ் 2, பக்கத்து நாடான ஸ்பெயினில் செவில் 2, திரும்ப வந்து கோயிம்ப்ரா 1, போர்ட்டோ 2. ஆக மொத்தம் 11 இரவு, 7 ஊர். உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து தேடியிருக்கிறார்.

அந்த நேரம் டீச்சர் காபி கொண்டு வந்தார். "நீங்க இதைப் பார்த்தீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. அவரே எல்லாம் பண்றார்" என்றவர், கண்ணாடியைச் சரி செய்து கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு கணவரிடம் கேட்டார்: "ஏங்க, இதுல நாம எப்போ உட்காருவோம்?"

"ரயில்ல உட்காரலாம்" என்று சார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி வந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விட்டுத்தான் பேசுவார். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதைகள் சின்னச் சின்னக் கற்கள் பதித்தவை. தேய்ந்த கல் மழையில் நன்றாக வழுக்கும். ஒர்க்‌ஷீட்டில் இந்த இரண்டு விஷயமும் இல்லை.

கம்ப்யூட்டர் ஊர்களைக் கூட்டும், குறைக்காது

சாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இது கம்ப்யூட்டரின் இயல்பு. ஒரு ஊரைச் சேர்க்க ஒரு கிளிக் போதும். ஒரு ஊரைத் தேடினால் 'இதையும் பாருங்கள்' என்று பத்து ஊர்ப் படங்கள் வந்து நிற்கும். எல்லாப் படத்திலும் வெயில், நீல வானம், கூட்டமே இல்லாத தெரு. வேண்டாம் என்று சொல்லும் வெப்சைட் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். அறை விற்கிறவரும், டிக்கெட் விற்கிறவரும், விளம்பரம் விற்கிறவரும் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்?

மேப்பும் இப்படித்தான். திரையில் லாகோஸுக்கும் செவிலுக்கும் நடுவில் இரண்டு விரல் தூரம்தான். ஆனால் போர்ச்சுகலின் தென்கரைக்கும் செவிலுக்கும் இடையே ரயில் பாதையே கிடையாது. பஸ்ஸில்தான் போக வேண்டும். எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய் விடும். போர்ச்சுகலின் நேரம் வேறு, ஸ்பெயினின் நேரம் வேறு. செவிலில் இருந்து கோயிம்ப்ரா திரும்புவது ஒரு முழுப் பகல் வேலை. சாரின் ஒர்க்‌ஷீட்டில் அதற்கு 'காலை' என்று ஒரு வார்த்தை மட்டும் இருந்தது.

இன்னொரு கணக்கு பாருங்கள். ஓட்டல் அறையைக் காலை 11 மணி வாக்கில் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டி கட்டுவது, ஸ்டேஷன் போவது, ரயில், மறுபடி ஓட்டல் தேடுவது என்று ஒவ்வொரு இடமாற்றமும் குறைந்தது அரை நாளை விழுங்கும். 7 ஊர் என்றால் 6 இடமாற்றம். அதாவது 3 நாள். பதினொரு இரவுப் பயணத்தில் மூன்று நாள் பெட்டியோடு போய் விடுகிறது. ஊர்களைக் கூட்டிக் கூட்டி நாம் வாங்குவது ரயில் நிலையங்களைத்தான்.

'இப்போதுதான் ஏஐ வந்து விட்டதே, அதனிடம் கேட்டால் பத்து வினாடியில் பிளான் போட்டுத் தருமே' என்பீர்கள். தரும். அழகாகவும் தரும். ஆனால் ஓடாத ரயிலையும் ஓடுகிற ரயிலையும் ஒரே தைரியத்தோடு சொல்லி விடும். தவிர, அது யார் கேட்கிறாரோ அவருக்குத்தான் பதில் சொல்லும். பக்கத்து அறையில் இருப்பவரின் முழங்கால் அதற்குத் தெரியாது.

கேட்காத கேள்வி

"சரி டீச்சர், உங்களுக்கு அங்கே எதைப் பார்க்கணும்?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "லிஸ்பன்" என்றார்.

1554-இல் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. கிறிஸ்தவ சமயப் பாடம். போர்ச்சுகீசிய மொழியோடு தமிழும் அதில் இருந்தது. ஆனால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தமிழ் எழுத்தையே வார்த்து அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே தமிழ் மொழி அச்சேறிய ஊர் லிஸ்பன்.

"இதை வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லியிருக்கேன் தம்பி. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அந்த ஊர்ப் பேச்சுல இருந்து நமக்கு வந்ததுதான்னு பிள்ளைங்களுக்குச் சொன்னா நம்பாதுங்க. அந்த ஊர்த் தெருவுல ஒரு நாள் காலாற நடக்கணும். யாராவது ஜன்னலை 'ஜனெலா'ன்னு சொல்றதைக் காதால கேட்கணும். அவ்வளவுதான்."

சார் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். அவருடைய திட்டத்தில் லிஸ்பனுக்கு இரண்டு இரவு. அதில் ஒன்று விமானத்தில் இருந்து இறங்கித் தூங்குகிற இரவு. "இதை நீ சொல்லவே இல்லையே?" என்றார்.

"நீங்க கேட்கவே இல்லையே" என்றார் டீச்சர்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஓய்வுப் பணத்தில் ஒதுக்கி வைத்து, வாழ்க்கையில் ஒரு முறை போகிற பயணம். இரண்டு மாதத் தேடலில் நூறு பக்கம் புக்மார்க் ஆகியிருக்கிறது. கூட வரப்போகிறவரிடம் ஒரு கேள்வி போகவில்லை. கம்ப்யூட்டரில் தேடுவது ஒரு ஆள் வேலையாக இருக்கிறது. மவுஸ் ஒன்று, நாற்காலி ஒன்று. பயணம் மட்டும் இரண்டு பேருக்கு.

அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், சாப்பாட்டு மேசையில் இருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டதுதான்.

ஒரே ஒரு ஒர்க்‌ஷீட்

பயணத் திட்டத்துக்கு விசேஷ சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். எக்செல் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், அல்லது பிரவுசரிலேயே ஓடும் கூகுள் ஷீட்ஸ் போதும். கூகுள் ஷீட்ஸில் ஒரு வசதி உண்டு: 'ஷேர்' பட்டனைத் தட்டி, அவரவர் போனில் இருந்தே இருவரும் திருத்தலாம்.

ஒரு நாளுக்கு ஒரு வரிசை. முதல் காலத்தில் தேதி. இரண்டாவதில் கிழமை. மூன்றாவதில் இரவு தூங்கும் ஊர். நான்காவதில் அன்றைய ஒரே முக்கிய வேலை. ஐந்தாவதில் செலவு, யூரோவில். ஆறாவதில் ரூபாயில். ஏழாவதில் 'பணம் பிடிக்காமல் ரத்து செய்யக் கடைசி நாள்'. அவ்வளவுதான்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது தேதி. உங்கள் கம்ப்யூட்டரில் ரீஜன் செட்டிங் அமெரிக்கா என்று இருந்தால், ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் அடிக்கும் 5/6 என்பதை அது மே 6 என்று எடுத்துக் கொள்ளும். மாதத்தை எப்போதும் எழுத்தில் அடியுங்கள்.

இரண்டாவது கிழமை. இதைக் கையால் அடிக்காதீர்கள். தேதி செல்லைக் காப்பி செய்து, 'ஃபார்மட் செல்ஸ்' மெனுவில் கிழமை காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரே எழுதும். சாருக்கு இதைச் செய்து காட்டியதும் ஒரு விஷயம் வெளியே வந்தது. லிஸ்பனில் பெலேம் பகுதியில் உள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு அவர் ஒதுக்கியிருந்த ஒரே நாள் திங்கட்கிழமை. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ள இடம் அது. திங்களன்று மடாலயம் மூடியிருக்கும். அங்கே அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் திங்கள்தான் விடுமுறை. இரண்டு மாதத் தேடலில் கண்ணில் படாதது, ஒரு காலம் சேர்த்ததும் பட்டு விட்டது. கிழமையோடு உள்ளூர் விடுமுறைகளையும் குறித்து வையுங்கள். 1974 புரட்சியின் நினைவாக ஏப்ரல் 25. பிறகு மே 1, ஜூன் 10. லிஸ்பனில் ஜூன் 13-ம், போர்ட்டோவில் ஜூன் 24-ம் ஊர்த் திருவிழா. அந்த நாட்களில் ஊர் அழகாக இருக்கும். அறை வாடகையும் ஏறியிருக்கும்.

மூன்றாவது இரவுக் கணக்கு. மக்கள் நாட்களை எண்ணுகிறார்கள். இரவுகளை எண்ணுங்கள். 'கவுண்ட் இஃப்' என்ற ஃபார்முலாவைப் போட்டால், எந்த ஊரில் எத்தனை இரவு என்று உடனே சொல்லி விடும். எந்த ஊருக்காவது '1' என்று வந்தால், அந்த ஊர் உண்மையில் வேண்டுமா என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ளுங்கள்.

செலவுக் காலத்தில் அறை வாடகையை மட்டும் போட்டு விட்டு நிறுத்தி விடாதீர்கள். லிஸ்பனில் தங்கினால் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி உண்டு. போர்ட்டோவில் 3 யூரோ. இரண்டு பேருக்கு, பல இரவுக்கு என்றால் சின்னத் தொகை இல்லை. யூரோவின் அன்றைய ரூபாய் மதிப்பை மேலே ஒரு செல்லில் போட்டு, மற்றச் செல்கள் அதில் இருந்து கணக்கிடும்படி செய்யுங்கள். மதிப்பு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

சொந்தக்காரரிடமே கேளுங்கள்

நெட்டில் தேடும்போது மேலே வருகிற முடிவுகள் பெரும்பாலும் விளம்பரங்கள். 'ஸ்பான்சர்ட்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அவசரமாகக் கிளிக் செய்தால் அதிக விலைக்கு டிக்கெட் விற்கும் இடைத்தரகரிடம் போய் நிற்பீர்கள். என் விதி எளிமையானது. ஊரைப் பற்றிய ஆசையை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளுங்கள். நேரமும் விலையும் மட்டும் சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

ரயிலுக்குச் சொந்தக்காரர் போர்ச்சுகல் அரசு ரயில்வே. சுருக்கமாக சிபி. அதன் வெப்சைட் முகவரி 'சிபி டாட் பிடி' என்று முடியும். ஆங்கிலத்திலும் படிக்கலாம். ஊர் பெயரை அவர்கள் மொழியில் அடிக்க வேண்டும். லிஸ்பன் அங்கே 'லிஸ்போவா'. முன்கூட்டியே எடுத்தால் நெடுந்தூர ரயில்களில் சலுகை விலை கிடைப்பதுண்டு. 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சாருக்கு 66 என்று சொன்னேன் அல்லவா? வங்கிக்காரர் முகத்தில் அன்று வந்த முதல் சிரிப்பு அதற்குத்தான்.

ஸ்டேஷன் பெயரையும் முழுதாக எழுதுங்கள். போர்ட்டோ போகும் ரயில்கள் லிஸ்பனில் சாண்டா அப்போலோனியா, ஓரியென்டே ஸ்டேஷன்களில் கிடைக்கும். சின்ட்ரா ரயில் ரோசியு ஸ்டேஷனில். கோயிம்ப்ராவில் இறங்குவது ஊர் நடுவில் இல்லை. 'கோயிம்ப்ரா-பி' என்ற ஸ்டேஷனில். போர்ட்டோவில் நெடுந்தூர ரயில் நிற்பது கம்பன்யாவில். அங்கிருந்து வேறு ரயிலில் ஐந்து நிமிடம் போனால் ஊருக்குள் சாவ் பென்ட்டோ. சுமார் 20,000 நீல வெள்ளை ஓடுகள் பதித்த அந்த ஸ்டேஷனே பார்க்க வேண்டிய இடம்தான்.

அறை பிடிக்கும்போது முழங்காலை மறக்காதீர்கள். மேப்பில் 400 மீட்டர் என்று இருப்பது நூறு படிக்கட்டாக இருக்கலாம். கூகுள் மேப்பில் மஞ்சள் நிற மனித பொம்மையை இழுத்துத் தெருவில் விட்டால், அந்தத் தெருவையே பார்க்கலாம். டீச்சர் இதைச் செய்து பார்த்து, சார் தேர்ந்தெடுத்திருந்த அறையை இரண்டே நிமிடத்தில் தள்ளி விட்டார். வாசல் வரை படிக்கட்டு. இன்னொன்று: ஐரோப்பாவில் தரைத் தளம் பூஜ்யம். 'மூன்றாவது மாடி' என்றால் மூன்று மாடி ஏற வேண்டும். பழைய கட்டிடங்களில் லிஃப்ட் இல்லாதது சகஜம். அறை தேடும் பக்கத்தில் 'லிஃப்ட்' என்ற கட்டத்தை முதலிலேயே டிக் செய்து விடுங்கள்.

இருவரும் போட்ட திட்டம்

அன்று இரவு பத்து மணிக்குள் புதிய ஒர்க்‌ஷீட் தயார். லிஸ்பன் 5 இரவு, கோயிம்ப்ரா 2, போர்ட்டோ 4. அதே பதினொரு இரவு. ஊர் மூன்று, இடமாற்றம் இரண்டு. லிஸ்பனில் இருந்து கோயிம்ப்ராவுக்கு வேக ரயிலில் இரண்டு மணிக்கும் குறைவு. அங்கிருந்து போர்ட்டோவுக்கு ஒரு மணி நேரம் வாக்கில். இரண்டுமே காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிகிற பயணம்.

சின்ட்ராவுக்குத் தனி இரவு வேண்டாம். லிஸ்பனில் இருந்து ரயிலில் 40 நிமிடம்தான்; காலையில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே பேனா அரண்மனைக்குள் போக நாளும் நேரமும் குறித்த டிக்கெட் எடுக்க வேண்டும். அதை அரண்மனையின் சொந்த வெப்சைட்டில் எடுத்து விடலாம்.

எவோரா போனது. செவில் போனது. லாகோஸை விட சாருக்கு மனசில்லை. "கடலுக்காகத்தான் வெச்சேன்" என்றார். கடல்தானே வேண்டும்? லிஸ்பனின் காய்ஷ் டோ சொத்ரே ஸ்டேஷனில் இருந்து கஷ்காய்ஷ் என்ற ஊருக்கு 40 நிமிட ரயில். பாதை தண்ணீர் ஓரமாகவே போகும். டீச்சர்தான் மேப்பில் அதைக் கண்டுபிடித்தார். போர்ட்டோவின் நான்கு இரவில் ஒரு பகல், டோரு நதியை ஒட்டிப் போகும் ரயிலில் பின்யாவ் வரை. அதுவும் உட்கார்ந்தபடியே பார்க்கிற காட்சி.

லிஸ்பனில் நாலு முழு நாள். பெலேம் ஒன்று (செவ்வாய்க்கிழமை!), சின்ட்ரா ஒன்று, கஷ்காய்ஷ் ஒன்று. நாலாவது நாளின் செல் காலியாக இருந்தது. சார் எதையோ டைப் செய்யப் போனார். டீச்சர் கையைத் தட்டி விட்டார். "அது என் நாள். அப்படியே இருக்கட்டும்."

'இவ்வளவு தூரம் போய் மூணு ஊரா?'

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். சாரும் கேட்டார். "மறுபடி எங்க தம்பி போகப் போறோம்? போற போக்குல நாலு இடம் பார்த்தா என்ன?"

நியாயமான கேள்விதான். வயது இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கிறது, ஓட்டமே பிடிக்கும் என்று இருவருமே சொன்னால் ஏழு ஊர் போங்கள். என் சண்டை ஏழு என்ற எண்ணோடு இல்லை. ஒருவர் மட்டும் சொன்ன ஏழோடுதான். இன்னொரு விதமும் உண்டு. இந்தத் தலைவலியே வேண்டாம், யாராவது கூட்டிப் போய்க் கூட்டி வரட்டும் என்று இருவருக்கும் தோன்றினால் பேக்கேஜ் டூரில் போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் சொந்தமாகத் திட்டமிடுகிறோம் என்று சொல்லிக் கொண்டு, பேக்கேஜ் டூரின் ஓட்டத்தை நாமே நமக்கு வைத்துக் கொள்வதில் என்ன லாபம்?

மறுபடி போக மாட்டோம் என்பதே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. ஒரே ஒரு முறைதான் என்றால், அந்த ஒரு முறை பார்த்தது மனதில் நிற்க வேண்டாமா? திரும்பி வந்த பிறகு போட்டோவைப் பார்த்து 'இது எந்த ஊருங்க?' என்று கேட்கிறவர்கள் நம் சொந்தக்காரர்களிலேயே எத்தனை பேர்!

பணம் கட்டும் முன்னால்

நாற்காலியில் இருவரும் உட்கார்ந்து சம்மதம் சொன்ன பிறகும், பணம் கட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது.

போர்ச்சுகலுக்கு இந்தியர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் இருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். அவ்வளவு தூரம் தள்ளிப் போடாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பல நாடு போனால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பம். விசா கைக்கு வரும் வரை, திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லும் மலிவு அறைகளைத் தொடாதீர்கள். கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்யக் கூடியதையே எடுங்கள். ஏழாவது காலம் அதற்குத்தான்.

விமான வெப்சைட்டில் 'ரவுண்ட் டிரிப்' பக்கத்தில் 'மல்ட்டி சிட்டி' என்று ஒன்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. போவது லிஸ்பனுக்கு, திரும்புவது போர்ட்டோவில் இருந்து என்று அதில் கேட்கலாம். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், விமானம் ஏற மட்டும் மூன்று மணி நேரம் ரயிலில் லிஸ்பன் திரும்ப வேண்டாம்; ஒரு நாள் மிச்சம். வழியில் வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறினால், இமிக்ரேஷன் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய முறையில் கைரேகையும் போட்டோவும் எடுக்கிறார்கள். எனவே ஒரு மணி நேர இடைவெளியை நம்ப வேண்டாம்.

கடைசியாக, எல்லா டிக்கெட்டையும் ஒரே ஃபோல்டரில் சேவ் செய்து, இருவர் போனிலும் வையுங்கள். ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து ஆளுக்கொரு பையில். ஒருவர் போன் தொலைந்தால் இன்னொருவர் கையில் பயணம் முழுதும் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் ஒருவருக்கு மட்டும் தெரிந்த பயணம் ஆபத்தானது.

நேற்று மாடிக்குப் போயிருந்தேன். லேப்டாப் முன்னால் இரண்டாவது நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது மவுஸ் டீச்சர் கையில். சார் பக்கத்தில் உட்கார்ந்து செலவுக் காலத்தைச் சரி பார்த்துக் கொண்டிருந்தார். நாலாவது நாளின் செல் காலியாகத்தான் இருந்தது. அதற்கு மட்டும் யாரோ மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள்.

உங்கள் வீட்டு லேப்டாப் முன்னால் எத்தனை நாற்காலி?